ஒன்பதா, பதினாறா, இருபதா? ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவைத் தொடங்கிய பெண்கள்

கேள்வி: 2020இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் கமலா ஹாரிஸ் தன் குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது 'சித்தி' என்று தமிழில் சொன்னதை நாமெல்லாம் கொண்டாடினோம். அதே இடத்தில் 'ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா' என்றும் ஒன்றைச் சொன்னார். கல்லூரிப் பெண்கள் சங்கம் என்கிறார்கள். அதை யார் தொடங்கினார்கள்? ஓரிடத்தில் 9 பேர், இன்னோரிடத்தில் 16, வேறோரிடத்தில் 20 என்று படித்தேன். எது சரி?

மூன்றுமே சரி. எண்ணிக்கை ஏன் ஏறிக்கொண்டே போனது என்பதில்தான் கதையே இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பேச்சு. சித்தப்பா, மாமா, அத்தை, சித்தி என்று அடுக்கிவிட்டு, தனக்கு இரண்டாவது அம்மா மாதிரி இருந்த பக்கத்து வீட்டு அம்மாவைச் சொல்லிவிட்டு, குடும்பம் என்றால் என் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவும்தான் என்றார் கமலா. நம் பத்திரிகைகள் 'சித்தி'யோடு நிறுத்திக்கொண்டன. அமெரிக்காவின் கறுப்பினப் பெண்களுக்குக் காதில் விழுந்தது அடுத்த வரி. கமலா துணை அதிபர் வேட்பாளர் என்ற அறிவிப்பு வந்ததுமே தேர்தல் நிதிக்கு 19 டாலர் 8 சென்ட் என்ற விசித்திரமான தொகை வந்து குவிய ஆரம்பித்திருந்தது. நாம் நூற்றோடு ஒரு ரூபாய் சேர்த்து மொய் எழுதுவதுபோல அந்த எட்டு சென்ட்டிலும் ஒரு கணக்கு இருந்தது. 1908, சங்கம் பிறந்த ஆண்டு.

இந்தச் சங்கங்களைச் 'சொராரிட்டி' என்பார்கள். லத்தீனில் 'சொரார்' என்றால் சகோதரி. கல்லூரி ஆண்கள் கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்து ரகசியச் சங்கங்கள் நடத்தும் வழக்கம் அமெரிக்காவில் 18ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. பெண்கள் கல்லூரிக்கு வந்தபோது அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இந்தியானா மாநிலத்தில் பெட்டி லாக் என்ற மாணவியைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒரு ஆண்கள் சங்கம் அவரிடம், எங்கள் பேட்ஜை அடையாளத்துக்குக் குத்திக்கொள், ஆனால் உறுப்பினர் ஆக முடியாது என்றதாம். அப்படியொரு பேட்ஜ் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 1870இல் தோழிகளோடு சேர்ந்து அவர் தொடங்கியதுதான் கப்பா ஆல்ஃபா தீட்டா. இப்படி ஒதுக்கப்பட்டதால் பிறந்த வெள்ளைப் பெண்களின் சங்கங்கள், பிறகு கறுப்பினப் பெண்களைத் தாங்களே வாசலில் நிறுத்தின. ஒதுக்கப்பட்டவர் அடுத்தவரை ஒதுக்குவது நமக்குப் புதிதல்ல.

சரி, ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பிறந்த ஹோவர்டுக்கு வருவோம். உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டே ஆண்டில், 1867இல், வாஷிங்டன் நகரில் ஒரு மேட்டின் மேல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் உயர்கல்வி கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். 1904இல் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து எத்தல் ஹெட்ஜ்மன் என்ற பெண் உதவித்தொகையோடு அங்கே வந்து சேர்ந்தார். சங்கம் தொடங்கும் எண்ணம் அவருடையதுதான், அதில் சர்ச்சை இல்லை. அதைத் தூண்டியவர்கள் இரண்டு பேர்.

ஒருவர் எத்தல் ராபின்சன் என்ற ஆசிரியை. பிரவுன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் இவர். 1905இல் முடித்துவிட்டு ஹோவர்டுக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்தார். பிரவுனில் பெண்கள் சங்கங்கள் எப்படி நடந்தன என்று மாணவிகளிடம் சொல்லிக்கொண்டிருப்பாராம். இன்னொருவர் ஜார்ஜ் லைல், எத்தல் ஹெட்ஜ்மனை 1911இல் மணந்துகொண்டவர். கறுப்பின ஆண்களின் முதல் கல்லூரிச் சங்கமான ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா 1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அடுத்த ஆண்டே அதன் கிளை ஹோவர்டில் வந்தது, தொடங்கியவர்களில் லைலும் ஒருவர். இந்த இரண்டாவது விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் சங்கத்தின் பெயரும் பெண்கள் சங்கத்தின் பெயரும் இவ்வளவு ஒத்திருந்தது நான்கு வருடம் கழித்துப் பெரிய தலைவலியாகப் போகிறது.

1907இன் இலையுதிர் காலத்தில் எத்தல் ஒவ்வொருவராகப் பேசிப் பேசி ஆள் சேர்த்தார். 1908 ஜனவரி 15 அன்று மைனர் ஹால் என்ற மாணவியர் விடுதியில் ஒன்பது பேர் கூடினார்கள். எத்தலைத் தவிர மற்றவர்கள்: அன்னா ஈஸ்டர் பிரவுன், பியூலா பர்க், லில்லி பர்க், மார்ஜரி ஹில், மார்கரெட் ஃபிளாக், லவினியா நார்மன், லூசி டிக்ஸ் ஸ்லோ, மேரி வுல்ஃபோக். பியூலாவும் லில்லியும் வட கரோலினாவிலிருந்து வந்த அக்கா தங்கை. கிரேக்கம் தெரிந்தவர்கள் என்பதால் பெயரும் குறிக்கோள் வாசகமும் அவர்கள் பொறுப்பு. 'பண்பாட்டாலும் தகுதியாலும்' என்று சுமாராகத் தமிழில் சொல்லலாம். அந்த வாசகத்தின் முதலெழுத்துகளே சங்கத்தின் பெயர். நிறம், சால்மன் மீனின் இளஞ்சிவப்பும் பச்சை ஆப்பிளின் பச்சையும். சின்னம், சுவரில் படரும் ஐவி கொடியின் இலை.

தலைவர் பதவிக்கு எத்தல் நிற்கவில்லை. தான் இளையவள், மூத்த மாணவி ஒருவர் இருக்கட்டும் என்று லூசி ஸ்லோவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் துணைத்தலைவராக இருந்துகொண்டார். கட்சியோ சங்கமோ, தொடங்கியவரே நாற்காலியைத் தள்ளிக் கொடுப்பதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? எனக்கு எத்தலைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். பிற்காலத்தில் அவர் பல வருடங்கள் தேசியப் பொருளாளராகவே இருந்தார், கணக்கு நோட்டும் கையுமாக.

ஒன்பது பேரில் பெரும்பாலோர் கடைசி வருட மாணவிகள். சில மாதத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், அப்புறம் சங்கம் யார் கையில்? அதனால் 1910ஆம் ஆண்டு வகுப்பிலிருந்து ஆர்வம் காட்டிய ஏழு பேரை எந்தச் சடங்கும் இல்லாமல் உடனே உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். நார்மா பாய்ட், எத்தல் ஜோன்ஸ், ஆலிஸ் மரே, சாரா மெரிவெதர், ஜோவன்னா பெரி, கேரி ஸ்னோடன், ஹேரியட் டெரி. ஒன்பதும் ஏழும் பதினாறு. நீங்கள் படித்த இரண்டாவது எண் இதுதான்.

இந்தப் பதினாறு பேரைப் பற்றி இன்று படிக்கும்போது, ஏதோ பெரிய இயக்கத்தின் தலைவிகள் என்று தோன்றும். அந்த நேரத்தில் அவர்கள் இருபது வயதை ஒட்டிய விடுதிப் பெண்கள். அமெரிக்காவிலேயே கல்லூரியில் படித்த கறுப்பினப் பெண்கள் மிகச் சிலர். ஹோவர்டிலும் ஆண்களே அதிகம். விடுதியைவிட்டு வெளியே போவதற்கும் வருவதற்கும் ஆயிரம் கட்டுப்பாடு. தங்களுக்குள் பேசிக்கொள்ள, ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ள ஒரு கூடம் வேண்டும் என்பதுதான் முதல் தேவை. அதில் கச்சேரியும் தேநீர் விருந்தும் ஐவி நடும் விழாவும் இருந்தன. அதைக் குறையாகச் சொல்பவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

அந்தக் குறையைச் சொன்னவர்கள் உள்ளேயிருந்தே கிளம்பியது 1912இல்.

அந்த ஆண்டு சங்கத்தில் இருந்த மாணவிகள் 22 பேர். தலைவி டெக்சாஸின் சான் அன்டோனியோவைச் சேர்ந்த மைரா டேவிஸ். அவர்களுடைய வாதம் இப்படிப் போனது. நம் சங்கம் எங்கும் பதிவு செய்யப்படவில்லை, சட்டப்படி அதற்கு உயிரே இல்லை, வேறு கல்லூரியில் கிளை தொடங்க வழியில்லை. பெயரோ ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவின் பெண் பதிப்பு மாதிரி ஒலிக்கிறது, அந்த ஆண்களின் தோழிகள் கூட்டம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நாட்டில் பெண்கள் ஓட்டுரிமை கேட்டுத் தெருவில் இறங்கிக்கொண்டிருக்கும்போது நாம் கொடி நட்டுக்கொண்டிருந்தால் போதுமா? பெயரை மாற்றுவோம், நிறத்தை மாற்றுவோம், சின்னத்தை மாற்றுவோம், எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குவோம்.

ஓட்டெடுப்பில் முடிவாகிவிட்டது. செய்தி நெல்லி குவாண்டர் காதுக்குப் போனது.

நெல்லியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்றவர்களைவிட வயதில் மூத்தவர். 1880இல் பிறந்தவர். வாஷிங்டனில் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்துக்கொண்டே ஹோவர்டில் படித்து, 1912இல் பட்டம் வாங்கினார். சங்கத்துக்கு முன்பு தலைவராகவும் இருந்தவர். குவாண்டர் குடும்பம் அமெரிக்காவில் ஆவணங்கள் வழியே வேர் காட்ட முடிகிற மிகப் பழைய கறுப்பினக் குடும்பங்களில் ஒன்று. அவர்களுடைய முன்னோரில் சிலர் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுன்ட் வெர்னன் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்கள். பெயர் என்பது தலைமுறைகளைத் தாண்டிக் கைமாறி வரும் சொத்து என்று அவர் நினைத்திருந்தால் ஆச்சரியமில்லை. இது என் ஊகம்தான்.

முன்னாள் மாணவிகளைக் கேட்காமல் சங்கத்தின் பெயரை மாற்றும் உரிமை உங்களுக்கு இல்லை என்றார் நெல்லி. மாணவிகள் இணங்கவில்லை. நம் ஊரில் ஒரு சங்கமோ டிரஸ்டோ உடைவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். யார் முதலில் போய்ப் பதிவு செய்கிறார்களோ பெயர் அவர்களுக்கு. நெல்லி மற்ற பட்டதாரிகளைத் தேடிப் பிடித்து ஒரு குழு அமைத்தார். 1913 ஜனவரி 29 அன்று ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா வாஷிங்டனில் சட்டப்படி பதிவானது. கூட நின்றவர்கள் ஐந்து பேர்: நார்மா பாய்ட், எத்தல் ஜோன்ஸ், ஜூலியா புரூக்ஸ், நெல்லி பிராட், மின்னி ஸ்மித். இவர்களில் நார்மாவும் எத்தல் ஜோன்ஸும் ஏற்கெனவே பதினாறில் இருப்பவர்கள். மீதி மூன்று பேரையும் நெல்லி குவாண்டரையும் சேர்த்தால் இருபது. மூன்றாவது எண் வந்துவிட்டதா?

1908இல் அந்த விடுதி அறையில் இல்லாத நான்கு பேரை நிறுவனர்கள் என்று கொண்டாடுவது சரியா என்று சிலர் கேட்பதுண்டு. என்னைக் கேட்டால், அந்த நால்வர் இல்லாவிட்டால் இன்றைக்கு இந்தப் பெயரில் ஒரு அமைப்பே இருந்திருக்காது. வீடு கட்டியவர் ஒருவர், அது ஏலத்துக்குப் போகாமல் பத்திரத்தை மீட்டவர் இன்னொருவர் என்றால் இரண்டு பேர் படமும் கூடத்தில் தொங்குவதுதானே நியாயம்.

அந்த 22 பேரும் சும்மா இருக்கவில்லை. நெல்லி பதிவு செய்வதற்குப் பதினாறு நாள் முன்பே, ஜனவரி 13 அன்று, டெல்டா சிக்மா தீட்டா என்ற பெயரில் தனியாகத் தொடங்கிவிட்டார்கள். ஆக, 22 பேரும் இன்னொரு சங்கத்தின் நிறுவனர்கள் ஆனார்கள். நம் ஊரில் போகியும் பொங்கலும் வருகிற அதே வாரத்தில் இரண்டு சங்கங்களும் நிறுவனர் நாள் கொண்டாடுகின்றன. பழையதைக் கழித்துவிட்டுப் போனவர்களுக்கு 13ஆம் தேதி, போகியை ஒட்டி. பழையதைக் கட்டிக் காத்தவர்களுக்கு 15. யாரும் திட்டமிட்டது இல்லை, நான்தான் சேர்த்துப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறேன். இதே ஹோவர்டில் 1920இல் ஐந்து பெண்கள் தொடங்கிய ஜீட்டா ஃபை பீட்டாவுக்கு 16ஆம் தேதி.

டெல்டாக்கள் முதலில் செய்த காரியம் பெரியது. 1913 மார்ச் 3, உட்ரோ வில்சன் அதிபராகப் பதவியேற்பதற்கு முந்தைய நாள், வாஷிங்டனில் பெண்கள் ஓட்டுரிமைப் பேரணி. ஐயாயிரம் பேருக்கு மேல் நடந்தார்கள். தென்மாநிலத்து வெள்ளைப் பெண்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்து, கறுப்பினப் பெண்களைப் பின்வரிசைக்குத் தள்ளப் பார்த்தார்கள் ஏற்பாட்டாளர்கள். சாலையோரத்து ஆண்கள் கூட்டம் வசைபாடியது, தள்ளியது, எச்சில் துப்பியது. போலீஸ் வேடிக்கை பார்த்தது. அதற்கு நடுவே டெல்டா மாணவிகள் நடந்தார்கள். மூத்த போராளி மேரி சர்ச் டெரல் அவர்களோடு நின்றார். மாணவிகள் வெளியே போக ஒரு ஆண் பேராசிரியர் துணைக்கு வர வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓட்டுரிமை கேட்கப் போவதற்கே காவலுக்கு ஒரு ஆண்.

இந்த இடத்தில் கதை சொல்பவர்கள் பலரும் ஒரு சுருக்குவழி எடுப்பார்கள். டெல்டா என்றால் அரசியல், ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்றால் தேநீர் விருந்து என்று பிரித்துவிடுவார்கள். நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. பேரணி ஏற்பாட்டாளர் ஆலிஸ் பாலுக்கு, அதற்கு முந்தைய பிப்ரவரியில் ஒரு கடிதம் போயிருக்கிறது. ஹோவர்டு கல்லூரிப் பெண்கள் சிலர் பேரணியில் கலந்துகொள்ள விரும்புகிறோம். ஆனால் இனத்தின் பெயரால் பாகுபாடு காட்டப்படும் என்றால் வரமாட்டோம். கல்லூரிப் பெண்கள் பகுதியில் எங்களுக்கு நல்ல இடமாக ஒதுக்க முடியுமா என்று கேட்கிறது அந்தக் கடிதம். எழுதியவர் நெல்லி குவாண்டர். தான் பெயரைக் காப்பாற்றிப் பதிவு செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஓரிரு நாளில் இன்னொரு கடிதமும் போட்டார். பெயரில்தான் சண்டை. மற்றபடி இரண்டு தரப்பும் கேட்டது ஒன்றைத்தான்.

பிறகு இவர்கள் எல்லாம் என்ன ஆனார்கள்? இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது, பலரும் தாண்டிப்போகிற பகுதியும் இதுதான். இருபதில் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியைகள் ஆனார்கள். படித்த கறுப்பினப் பெண்ணுக்கு அன்று கிடைக்கக்கூடிய கௌரவமான வேலை அது ஒன்றுதான். லவினியா நார்மன் மேற்கு வர்ஜீனியாவின் ஹன்டிங்டன் நகரில் ஒரே உயர்நிலைப் பள்ளியில் நாற்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தினார். அன்னா ஈஸ்டர் பிரவுன் வட கரோலினாவின் ராக்கி மவுன்டில் வரலாறு கற்பித்தார். பாடப்புத்தகத்தில் இல்லாத கறுப்பின வரலாற்றைக் கண்காட்சியாக வைத்து ஊருக்குக் காட்டினார். எத்தல் ஹெட்ஜ்மன் ஓக்லஹோமாவில் தொடங்கிப் பிலடெல்பியாவில் வேலையை முடித்தார். மார்ஜரி ஹில்லுக்கு அந்த வாழ்க்கை கிடைக்கவில்லை. பட்டம் வாங்கிய கொஞ்ச காலத்திலேயே இறந்துவிட்டார், இருபதில் முதலில் போனவர் அவர். பல பெண்கள் திருமணமே செய்துகொள்ளவில்லை. அதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. அன்றைய வாஷிங்டன் பள்ளிகளில் கல்யாணம் ஆன ஆசிரியைக்கு வேலை போய்விடும்.

லூசி ஸ்லோவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். வர்ஜீனியாவில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, அத்தை வீட்டில் வளர்ந்தவர். 1908இல் வகுப்பிலேயே முதலாவதாகத் தேறினார். 1917இல் கறுப்பின வீரர்களுக்கென்று பால்டிமோரின் டுரூயிட் ஹில் பூங்காவில் முதல் தேசிய டென்னிஸ் போட்டி நடந்தது. வெள்ளையர்களின் போட்டிகளில் இவர்களுக்கு இடமில்லை. பெண்கள் ஒற்றையரில் பட்டம் வென்றவர் லூசி. தேசிய அளவில் பெரிய விளையாட்டுப் பட்டம் ஒன்றை வென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் என்று அவரைச் சொல்வார்கள். அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது, முழுநேர ஆசிரியை. 1919இல் வாஷிங்டனில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான முதல் நடுநிலைப் பள்ளியை அமைத்து அதன் முதல்வர் ஆனார். 1922இல் ஹோவர்டு அவரைத் திரும்ப அழைத்தது, மாணவியருக்கான டீனாக. அந்தப் பதவியில் அங்கே அமர்ந்த முதல் பெண் அவர்.

டீன் என்றால் விடுதிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் மேட்ரன் அல்ல என்பது லூசியின் கட்சி. பெண்களை வளர்ந்த மனிதர்களாக நடத்து, அவர்கள் தலைமையேற்கப் பழகட்டும், ஆசிரியை வேலையைத் தாண்டியும் தொழில்கள் இருக்கின்றன என்று காட்டு என்று பதினைந்து வருடம் போராடினார். வளாகத்துக்குள் மாணவியருக்கான புதிய விடுதிகள் 1931இல் வந்தன. பல்கலைக்கழகத் தலைவர் மார்டகாய் ஜான்சனோடு சம்பளத்துக்கும் தங்குமிடத்துக்கும் நீண்ட தகராறு. ஆசிரியையும் நாடகாசிரியருமான மேரி பரில்லோடு சேர்ந்து வாங்கிய வீட்டில் வாழ்ந்தவரை, அதை விட்டுவிட்டு வளாகத்தில் வந்து குடியிரு என்று நிர்வாகம் நெருக்கியது. அவர் நகரவில்லை. 1937இல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். பிறகு அவர் பெயரில் ஒரு விடுதிக் கட்டடம் வைத்தார்கள். உயிரோடு இருக்கும்போது சண்டை, போனபின் கல்வெட்டு.

எதிர்த் தரப்பில் மைரா டேவிஸ் சான் அன்டோனியோவுக்குத் திரும்பி ஆசிரியையாகவும் நாடகக்காரராகவும் வாழ்ந்தார், 1940களில் கறுப்பின ரசிகர்களுக்காக எடுத்த சினிமாவிலும் நடித்தார். ஒசியோலா மெக்கார்த்தி நடிகையாகி நியூயார்க்கில் நாடகப் பயிற்சி கொடுத்தார். ஹாலிவுட் நடிகர் சிட்னி பொய்ட்டியே அவரிடம் பயின்றவர். ஜெசி மெக்வயர் டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரில் ஆசிரியை. ஒரே பாடம், ஒரே வேலை, வெள்ளை ஆசிரியருக்கு அதிகச் சம்பளம் என்பதை எதிர்த்து 1943இல் பள்ளி நிர்வாகத்தின் மேல் வழக்குப் போட்டுச் சம சம்பளம் வாங்கினார். பெர்த்தா பிட்ஸ் 1913 பேரணியில் நடந்த கால்களோடு சியாட்டில் போய் இனப் பாகுபாட்டுக்கு எதிராகப் பல பத்தாண்டுகள் வேலை செய்தார். 1981இல் அந்தப் பேரணியின் நினைவாக டெல்டாக்கள் ஆயிரக்கணக்கில் வாஷிங்டனில் மறுபடி நடந்தபோது, 92 வயதில் முன்னால் போனவர் அவர்.

இந்தச் சங்கங்கள் சேவை என்று சொல்லிக்கொள்வது வெறும் வாய்ச்சொல்லா என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம் போதும். 1930களின் பொருளாதார மந்தத்தில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் தேசியத் தலைவராக இருந்தவர் ஐடா ஜாக்சன். மிசிசிப்பியில் பிறந்து கலிஃபோர்னியாவுக்குப் போனவர், பெர்க்லியில் படித்து அங்கே சங்கக் கிளை தொடங்கியவர், ஓக்லாந்து பொதுப்பள்ளிகளின் முதல் கறுப்பின ஆசிரியை. பிறந்த மாநிலத்துக் கிராமத்து ஆசிரியைகளுக்கு 1934இல் ஒரு கோடைப் பயிற்சி நடத்தப் போனார். போன இடத்தில் எழுத்தறிவைவிட உடம்புதான் முதல் பிரச்சினை என்று புரிந்தது. அடுத்த கோடையில் டாக்டர் டாரதி பவுல்டிங் ஃபெரபி தலைமையில் சங்கத்து நர்சுகளும் ஆசிரியைகளும் சொந்தக் கார்களில் மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஹோம்ஸ் கவுன்ட்டிக்குப் போனார்கள். ஓரிடத்தில் கிளினிக் போட்டு உட்காரலாம் என்பது திட்டம். பருத்திப் பண்ணை முதலாளிகள் தங்கள் ஆட்களை அங்கே போக விடவில்லை, இவர்கள் கூலிக்காரர்களைக் கிளப்பிவிட வந்தவர்கள் என்று சந்தேகம். நீ வர முடியாவிட்டால் நாங்கள் வருகிறோம் என்று கார்களையே கிளினிக் ஆக்கிப் பண்ணை பண்ணையாகப் போனார்கள். முதலாளிகளின் ஆட்கள் பக்கத்திலேயே நின்று கவனிக்க, பிள்ளைகளுக்கு அம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் ஊசி போட்டார்கள். 1942 வரை ஒவ்வொரு கோடையிலும் இது நடந்தது. போர்க்காலப் பெட்ரோல், டயர் தட்டுப்பாடு வந்து நிறுத்தியது.

அரசியலும் உண்டு. பதினாறிலும் பதிவுக் குழுவிலும் இருந்த நார்மா பாய்ட், வாஷிங்டன் பள்ளிகளில் கணக்கு டீச்சர். 1938இல் சங்கத்தின் பெயரால் நாடாளுமன்றத்தில் கறுப்பின மக்களின் உரிமைகளுக்காகப் பேசி வாதாட ஒரு நிரந்தர அமைப்பைத் தொடங்கினார். பகலில் பள்ளி, மிச்ச நேரத்தில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகப் படிக்கட்டு.

குறைகளையும் மறைக்க வேண்டாம். படித்தவர், வசதியானவர், இன்னார் மகள் என்று பார்த்துச் சேர்க்கும் மேட்டுக்குடித்தனம், தோல் நிறத்தில்கூட ஏற்றத்தாழ்வு பார்த்த காலம், புதிதாகச் சேர்பவர்களை வதைக்கும் ராகிங், இதெல்லாம் இந்தச் சங்கங்களின் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகள், அவற்றில் உண்மையும் இருக்கிறது. ஆனால் இதைப் படிப்பு முடிந்ததும் விட்டுவிடும் கல்லூரி கிளப் என்று நினைத்தால் தவறு. பட்டம் வாங்கிய பிறகு நாற்பது வயதிலும் சேரலாம், சேர்ந்தால் ஆயுள் முழுக்க. ஒருவரையொருவர் 'சொரார்' என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். ஒரே நேரத்தில் சேர்ந்தவர்கள் 'லைன் சிஸ்டர்'கள். கூட்டத்தில் 'ஸ்கீ-வீ' என்று ஒரு கீச்சுக்குரல் கேட்டால் திரும்பிப் பாருங்கள், இளஞ்சிவப்பும் பச்சையும் தெரியும். இன்று உறுப்பினர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். நாசாவின் கணித மேதை கேத்தரின் ஜான்சன், எழுத்தாளர் டோனி மாரிசன் எல்லாம் இதில் இருந்தவர்கள். இருபது நிறுவனர்களையும் முத்துகள் என்பார்கள். கமலா எங்கே போனாலும் கழுத்தில் முத்து மாலை போட்டிருந்ததற்குப் பின்னால் இருப்பது அதுதான்.

கமலா ஹோவர்டில் சேர்ந்தது 1982இல். சங்கத்தில் சேர்ந்தது கடைசி வருடம், 1986இல். அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில்தான் நார்மா பாய்ட், இருபதில் கடைசியாக இருந்தவர், 96 வயதில் இறந்துபோனார். கமலா அந்த மேட்டுக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த முதல் இரண்டு, மூன்று வருடமும் 1908இல் சேர்ந்த அந்தக் கணக்கு டீச்சர் உயிரோடுதான் இருந்தார்.